கொறங்காட்டு வண்டிக்குப் புது பேட்டரி

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் கொறங்காடு. மேய்ச்சலுக்கென்றே விட்ட மானாவாரி நிலத்தை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். சாளையிலிருந்து (தோட்டத்து வீடு) கடைசிக் கடவு, அதாவது வேலிப் படல், வரைக்கும் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். காலையும் மாலையும் செம்மறிகளைப் பார்க்கவும், தண்ணித் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கவும், வேலியில் பொத்தல் விழுந்திருந்தால் முள் போடவும் நான் போய் வருவது ஒரு சின்ன டர்ட் பைக்கில்.

110 சிசி, நாலு கியர். என் தம்பி கோயம்புத்தூரில் வேலையில் இருந்தபோது வாங்கியது. செட்டிபாளையத்தில் 2003இலிருந்து கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது இல்லையா, அங்கே ரேஸ் பார்க்கப் போய்ப் போய் அவனுக்கு இந்த ஆசை வந்தது. சிங்கப்பூர் போகும்போது வண்டியை என்னிடம் விட்டுவிட்டான். நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்டக் கூடாத வண்டி. கொறங்காட்டுக்குள் இதைவிட நல்ல வண்டி இல்லை. கிக்கரும் உண்டு, ஆனால் எனக்கு வலது முழங்கால் சரியில்லை. செல்ஃப் எடுத்தால்தான் எனக்கு வண்டி.

மூன்று வருடத்தில் இரண்டு முறை இதன் பேட்டரியை நானே மாற்றியிருக்கிறேன். இரண்டாவது முறை சரியாகச் செய்தேன். முதல் முறை ஸ்பேனர் பிடித்ததில் தப்பில்லை, ஆனால் வாங்கிய பேட்டரி 40 நாளில் போய்விட்டது. கழற்றி மாட்டுவது இருபது நிமிட வேலைதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் 1,150 ரூபாய் போனது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செல்ஃப் பட்டனை அழுத்தும்போது வரும் சத்தத்தைக் கவனியுங்கள். 'டிக் டிக் டிக்' என்று வேகமாகத் தட்டினால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல், அதாவது பேட்டரியில் வயர் பூட்டும் முனை, லூஸ். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றால் செல்ஃப் மோட்டாரையோ, அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயையோ சந்தேகப்படலாம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், கில் சுவிட்ச் (ஹேண்டிலில் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்), நியூட்ரல் மூன்றையும் பாருங்கள். கில் சுவிட்ச் ஆஃபில் இருந்ததைக் கவனிக்காமல் பேட்டரி வாங்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

எனக்கு வந்தது 'டிக் டிக்'. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஈரோட்டில் இரண்டு மாதம் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிறது, வண்டி மேல் ஒரு விரற்கடை புழுதி. கடைக்குப் போய் வண்டியைப் பற்றிச் சொன்னேன். "பேட்டரி போயிருக்கும்" என்று புதுசைக் கொடுத்தார்கள். மாட்டினேன், எடுத்தது. 40 நாள் கழித்து மறுபடியும் 'டிக் டிக்'.

தம்பிக்கு வீடியோ கால் போட்டேன்.

"மீட்டர் வெச்சுப் பாத்தியாக்கா?"

"எந்த மீட்டரு கண்ணு?"

"மோட்டார் ரூம்புல அப்பா வெச்சிருந்த மஞ்சக் கலர் மல்டிமீட்டர். அத எடுத்துட்டு வா."

அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். மல்டிமீட்டர் முந்நூறு நானூறு ரூபாய்க்கே கிடைக்கும். டிசி வோல்ட்டில் 20 என்ற இடத்துக்குத் திருப்பி, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறை. ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் சுமாருக்குக் கொடுக்கும். வண்டியை அணைத்து ஒரு ராத்திரி விட்டுக் காலையில் பார்த்தால் 12.6இலிருந்து 12.8 வரை இருக்க வேண்டும். 12.4 என்றால் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 12.0 என்றால் முக்கால்வாசி காலி. 10.5 பக்கத்தில் நின்று, சார்ஜ் போட்டாலும் ஏறவில்லையென்றால் ஆறில் ஓர் அறை போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அந்தப் பேட்டரியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்து, மீட்டர் முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டு வேறொருவரை செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். அந்த நொடியில் வோல்ட் இறங்கும். 10க்கு மேல் நின்றால் நல்லது. சும்மா இருக்கும்போது 12.5 காட்டிவிட்டு, செல்ஃப் அழுத்தியதும் 8க்கும் 7க்கும் விழுந்தால் பேட்டரிக்குள் தெம்பு இல்லை. சார்ஜ் போட்டுப் பார்த்தும் அப்படியே விழுந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

முதல் முறை நான் எதையுமே அளக்கவில்லை, அதில் என்னைக் கெடுத்தது இந்த மூன்றாவதை விட்டதுதான். வண்டியைக் கிக்கரில் எடுத்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து, ஓடும்போதே பேட்டரியில் அளக்க வேண்டும். 13.5இலிருந்து 14.5 வரை காட்டினால் வண்டி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறது. 12.3, 12.4 என்று அசையாமல் நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால், ஏறும் சார்ஜை அளவோடு வைக்க வேண்டிய ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, அது பேட்டரியைக் கொதிக்கவிட்டே கொல்லும். இந்த இரண்டில் எது இருந்தாலும் நீங்கள் வாங்கும் புது பேட்டரியும் வீண்.

என் வண்டியில் 12.1. தம்பி சொல்லச் சொல்ல ரெகுலேட்டருக்குப் போகும் சாக்கெட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு பின் பச்சை பூத்துக் கிடந்தது. வண்டி ஓட ஓட பேட்டரி கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, திரும்ப ஒன்றும் வரவில்லை. பழைய பிரஷ்ஷால் சுரண்டி, பின்னைக் கொஞ்சம் நெருக்கி மாட்டியதும் 14.2. ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்குள் புது பேட்டரி காலியாகவே கிடந்து வீணாகியிருந்தது. காலியான பேட்டரிக்குள் ஈயத் தகட்டின் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து போகும். வாரக்கணக்கில் விட்டால் உப்புக்கல் மாதிரி இறுகிவிடும், பிறகு சார்ஜ் பிடிக்காது. நம் ஊர் வெயிலில் இது இன்னும் வேகம். சூடு கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறினால், சும்மா வைத்திருக்கும் பேட்டரி தானாகச் சார்ஜ் இழக்கும் வேகம் இரண்டு மடங்காகும். சின்ன வண்டியின் பேட்டரிகள் ஓடித் தேய்வதைவிட ஓடாமல் நின்று கெடுவதுதான் அதிகம் என்று தம்பி சொல்வான். என் முதல் பேட்டரி அப்படிப் போனது, இரண்டாவது சார்ஜ் ஏறாமல் காலியாகவே கிடந்து போனது.

சரி, அளந்தாயிற்று, பேட்டரிதான் போயிருக்கிறது. வாங்கப் போகும்போது பழைய பேட்டரியையே கையில் கொண்டு போவது நல்லது. முடியாவிட்டால் மேலே எழுதியிருப்பதையும், எந்தப் பக்கம் பிளஸ் இருக்கிறது என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வோல்ட், ஆம்பியர் அவர் (சுருக்கமாக ஏஎச், எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு), நீளம் அகலம் உயரம், பிளஸ் எந்தப் பக்கம் என்ற நான்கும் பொருந்த வேண்டும். என்னுடையது 12 வோல்ட், 4 ஏஎச், 113 மில்லிமீட்டர் நீளம், 70 அகலம், 105 உயரம். இதே நீள அகலத்தில் 85 மில்லிமீட்டர் உயரமுள்ள 3 ஏஎச் பேட்டரியும் வரும். அதை வாங்கினால் பெட்டிக்குள் ஆடும், மேட்டில் குதிக்கும் வண்டிக்கு ஆட்டம் ஆகாது. பிளஸ் மாறியிருந்தால் வயர் எட்டாது. எட்டவில்லையே என்று இழுத்துப் பூட்ட நினைக்காதீர்கள், மாறிப் பூட்டினால் ரெகுலேட்டரும், பிளக்கில் பொறி வரவைக்கும் சிடிஐயும் போகும். எடை குறைவு என்று லித்தியம் பேட்டரியைக் காட்டுவார்கள். உங்கள் வண்டியின் சார்ஜ் முறைக்கு அது ஒத்துவரும் என்று தெரிந்தால் ஒழிய வேண்டாம். சார்ஜரும் அதற்குத் தனி.

கடையில் சீல் செய்த பேட்டரியாகவே கொடுத்தால் வேலை மிச்சம். சிலது காய்ந்த பேட்டரியாக, ஆறு குப்பி சேர்ந்த ஆசிட் பொட்டலத்தோடு வரும். கடையிலேயே ஊற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டில்தான் ஊற்றியாக வேண்டுமென்றால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. வெளியில், சமமான தரையில் வைத்து, ஆறு குப்பியையும் ஒரே நேரத்தில் கவிழ்த்து அழுத்துங்கள். பிதுக்கக் கூடாது, குமிழ் விட்டுத் தானாக இறங்கும். முழுக்க இறங்க இருபது நிமிடம் ஆகலாம். அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மூடிப் பட்டையை வைத்து இறுக அழுத்திவிடுங்கள். அந்த மூடியை அதற்குப் பிறகு எப்போதும் திறக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றுகிற வகை இல்லை இது. தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரி.

எந்த வகையானாலும் மாட்டுவதற்கு முன் ஒரு முறை முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள். ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது கணக்கு. 4 ஏஎச் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர். டிராக்டர் பேட்டரிக்கு வைத்திருக்கும் பெரிய சார்ஜரைக் கொண்டு வந்து மாட்டினால் சின்ன பேட்டரி சூடேறி வீங்கிவிடும். பைக்குக்கென்று விற்கும் சின்ன சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பின்னாலும் உதவும்.

இனி கழற்றுவது. பெண்கள் யாராவது இதைப் படித்துச் செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் தள்ளி ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரிதான். ஆனால் தங்க வளையல் பிளஸ்ஸையும் வண்டி ஃபிரேமையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் மொத்த மின்சாரமும் வளையல் வழியாகப் பாயும். நொடியில் பழுத்துவிடும், கையிலிருந்து உருவ முடியாது. ஆண்கள் கைக்காப்புக்கும் இதேதான். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

எடுத்து வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பழைய டூத் பிரஷ், ஆப்ப சோடா, வாசலின், பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய இரண்டு துண்டு. வண்டியைச் சமதரையில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம், பக்கத்தில் பீடியோ நெருப்போ கூடாது. சாவியை எடுத்துவிடுங்கள். என் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு போல்ட். அதைக் கழற்றிச் சீட்டைப் பின்பக்கமாக இழுத்தால் பேட்டரி தெரியும். சில வண்டிகளில் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும்.

கழற்றும்போது முதலில் மைனஸ். இது மனப்பாடம் செய்கிற விஷயமில்லை, காரணம் தெரிந்தால் மறக்காது. வண்டியின் ஃபிரேம் முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் வயர் பூட்டியிருக்கும்போது பிளஸ் போல்ட்டைத் திருகினால், ஸ்பேனரின் வால் ஃபிரேமில் எங்காவது பட்டதும் ஷார்ட். தீப்பொறி பறக்கும், பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. மைனஸைக் கழற்றிவிட்டால் ஃபிரேமுக்கும் பேட்டரிக்கும் தொடர்பு போய்விடும், அதன்பின் ஸ்பேனர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது இதே காரணத்துக்காகத்தான் முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ்.

மைனஸ் வயரைக் கழற்றி ட்யூப் துண்டால் மூடி ஓரமாக மடக்குங்கள். அப்புறம் சிவப்பு ரப்பர் மூடியைத் தள்ளிவிட்டு பிளஸ். பிறகு பேட்டரியை அழுத்திப் பிடித்திருக்கும் பட்டை. தூக்கும்போது சாய்க்காமல் நேராகத் தூக்குங்கள். அடியிலிருக்கும் ரப்பர் மெத்தை முக்கியம், தொலைத்துவிடாதீர்கள். என்னுடையது இற்றுப் போயிருந்தது, ட்யூபையே நாலு மடிப்பாக வெட்டி வைத்தேன்.

வயர் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்து அடங்கும். நல்ல தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். இந்த சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் மட்டும் போகக் கூடாது.

புது பேட்டரியை மாட்டும்போது பொறுமையைச் சோதிப்பது ஒரு சதுர நட்டு. டெர்மினலின் பொந்துக்குள் சும்மா கிடக்கும். மேலிருந்து போல்ட்டை விட்டால் கீழே இறங்கிவிடும், போல்ட் பிடிக்காது. நான் அரை மணி நேரம் போராடிய பிறகு ட்யூபில் சின்னதாக ஒரு துண்டு வெட்டி நட்டுக்கு அடியில் செருகினேன். நட்டு மேலே தூக்கி நின்றது, முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. கையால் இரண்டு சுற்று ஏறிய பின்பே ஸ்பேனர் வையுங்கள். டெர்மினல் மெத்தென்ற ஈயம், அளவுக்கு மீறி முறுக்கினால் கழன்று வந்துவிடும். வயர் முனையை விரலால் அசைத்துப் பாருங்கள், அசையாமல் நின்றால் போதும். மேலே வாசலின் லேசாகத் தடவி, பிளஸ்ஸின் சிவப்பு மூடியைத் திரும்பப் போடுங்கள்.

சீட்டை மாட்டுவதற்கு முன் மூன்று அளவையும் மறுபடி பாருங்கள். எனக்கு வந்தது சும்மா இருக்கும்போது 12.7, செல்ஃப் அழுத்தும்போது 10.8, ஓடும்போது 14.2. மூன்றையும் தேதியோடு ஒரு டேப்பில் எழுதிப் பேட்டரி மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த முறை சந்தேகம் வந்தால் எதோடு ஒப்பிடுவது என்று தேட வேண்டாம் பாருங்கள். இடையில் பேட்டரி இல்லாமல் கிக்கரில் எடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள், சில வண்டிகளில் ரெகுலேட்டர் கெட்டுவிடும். அவசரத்துக்கு டிராக்டர் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து எடுப்பதானால் டிராக்டர் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும்.

பழைய பேட்டரியைப் பற்றி கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் எந்தச் சாளைக்குப் போனாலும் மோட்டார் ரூம்புக்குப் பின்னால் ஒரு பழைய பேட்டரி கிடக்கும். மாடு வைத்திருப்பவர்கள் அதை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். உடைந்த பேட்டரியின் ஈயத் தகட்டை மாடு விரும்பி நக்கும். கன்றுகள் இன்னும் அதிகம். ஈய விஷம் ஏறினால் கண் தெரியாமல் சுவரில் போய் முட்டும், பல்லை நறநறவென்று கடிக்கும், வலிப்பு வரும், பெரும்பாலும் பிழைப்பதில்லை. காங்கேயம் மாட்டை எவ்வளவு பாடுபட்டு வளர்க்கிறோம்! நாலு கிலோ கூட இல்லாத ஒரு டப்பாவால் அது போக வேண்டாம். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இல் வந்தன. பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. புதுசு வாங்கும் கடையிலேயே எடுத்துக்கொள்வார்கள், எனக்கு 150 ரூபாய் கழித்தார்கள். ஒரு பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி வைத்து, டெர்மினலில் டேப் ஒட்டிக் கொண்டு போங்கள். ஆசிட்டைக் கீழே கொட்டிவிட்டு எடைக்குப் போடுவது வேண்டவே வேண்டாம், அந்த மண்ணில்தான் நாளைக்குப் புல் முளைக்கும்.

தினமும் ஓட்டும் வண்டிக்குப் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. எடுத்ததும் அணைக்காமல் இருபது நிமிடமாவது ஓடினால், செல்ஃப் எடுத்துக்கொண்ட சார்ஜ் திரும்ப ஏறிவிடும். ஓட்டாத மாதங்களில் மாதம் ஒரு முறை சின்ன சார்ஜரைப் போட்டுவிடுங்கள். ஊருக்குப் போவதானால் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் போகலாம். அம்மாவை மறுபடி ஈரோட்டுக்குக் கூட்டிப் போனபோது அப்படித்தான் செய்தேன். வயர் முனையில் ட்யூப் துண்டைச் சுற்றி, சீட்டை மேலே சும்மா வைத்து, சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போனேன். 19 நாள் கழித்து, சாயங்காலம் ஆடு திரும்புகிற நேரத்தில் வந்து மீட்டரை வைத்தேன். 12.7. வயரைப் பூட்டி பட்டனைத் தொட்டதும் எடுத்தது, இருட்டுவதற்குள் கடைசிக் கடவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.